பிரசோங் மாமாவின் விசா

தாய்லாந்தின் கோன் கேன் நகரில் ஆங்கிலம் சொல்லித்தரும் ரொவீனாவும் மற்ற பிலிப்பினோ ஆசிரியைகளும் விசா புதுப்பிக்க லாவோஸ் எல்லைக்குக் கிளம்பியபோது, வேனை ஓட்ட வந்தவர் பழைய ஓட்டுநர் பிரசோங் மாமா. போன மழைக்காலத்தில் அவருடைய சிதையில் அவர்கள் எல்லோருமே பூ வைத்திருந்தார்கள்.

"என்ன முழிக்கிறீங்க? ஏறுங்கம்மா, எல்லைப் பாலத்துல கூட்டம் சேர்ந்துடும்" என்றார்.

கேட்டால் இறங்கிப் போய்விடுவாரோ என்று யாரும் எதுவும் கேட்கவில்லை. வழியில் சுட்ட கோழி வாங்கிக் கொடுத்தார். ரொவீனா பாடியதும், "மேகாங் ஆத்து மீனெல்லாம் அக்கரைக்கு ஓடப்போகுது" என்று வழக்கம்போல் கிண்டலடித்தார். அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

திரும்பும்போது தாய்லாந்துச் சாவடியில் எல்லோருக்கும் மூன்று மாத முத்திரை விழுந்தது. மாமாவை மட்டும் காணோம். ரொவீனா பதறித் தேடினாள். கடைசிச் சன்னலில் அவர் அதிகாரியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். பிறகு கடவுச்சீட்டைத் தலைக்குமேல் ஆட்டியபடி வேனுக்கு ஓடி வந்தார்.

"எனக்கும் இங்க இருக்க மூணு மாசம் குடுத்துட்டாங்க!"

வேன் அதிரக் கைதட்டினார்கள்.