கடைசி அடியில் ஒரு சாமி

மகனுக்குப் பெண் பார்க்க இலுப்பூருக்கு வில்வண்டியில் வந்து இறங்கிய ஏகாம்பரம், பெண் செவந்தி இரண்டாவது அடியைப் பாடும்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"எரநூறு வருசத்துக்கு முந்துன கீர்த்தனை. தஞ்சாவூர்ப் பக்கத்து மகான் யாரோ பாடுனது. பாட்டைக் கேட்டே ஆளைச் சொல்லிருவேன்."

பெண்ணின் தகப்பனார் மலையாண்டி தலையாட்டினார். "இந்தக் காலத்துல இப்படி யாருங்க எழுதுறாங்க?"

"எங்கிட்டு எழுதுறது? நம்ம வீட்டுலயும் பாட்டு எழுதுறேன்னு ஒண்ணு இருக்கே, காகிதத்துக்குப் பிடிச்ச கேடு." பக்கத்தில் மகன் மாப்பிள்ளைக்குரிய அடக்கத்தோடு குனிந்திருந்தான். "இதை எழுதுன மகான் மட்டும் இப்ப எதுக்க இருந்தா, கால்ல விழுந்துருவேன்."

"அவுக பேரு என்னங்க?"

"கடைசி அடியில தான் கும்புடுற சாமி பேரை முத்திரையா வச்சிருப்பாக. அதை வச்சுச் சொல்லிருவோம். நீ பாடும்மா."

செவந்தி ஒருமுறை மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டுப் பாடி முடித்தாள். கடைசி அடியில் வந்தவர் வில்வக்கண்மாய் அய்யனார்.

அது ஏகாம்பரத்தின் குலசாமி. அவருடைய பங்காளிகளைத் தவிர, பக்கத்து ஊரில்கூட அந்தச் சாமியை யாருக்கும் தெரியாது.

ஏகாம்பரம் மெல்லத் திரும்பினார். மகன் இரண்டு கால்களையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.