யோசனை பிறந்த இடம்

வீட்டில் தயாபரன் வாயைத் திறந்தாலே ஆய்வகத்து ஹெலன் மேடத்தின் புராணம்தான். மனைவி பிரமிளாவுக்கு வயிறு எரியும். அதனால், ஆராய்ச்சி ஒப்பந்தம் முடிகிறது, கண்டுபிடிப்பின் யோசனைகள் பிறந்த நினைவுகளையெல்லாம் அவன் தலையிலிருந்து எடுத்துக் கம்பெனியிடம் கொடுத்துவிடுவார்கள் என்று தெரிந்ததும் பாயசமே வைத்துவிட்டாள். இனி ஹெலன் யாரென்றே அவனுக்குத் தெரியாது!

நினைவுகளை எடுத்த அன்று மாலை தூக்குச்சட்டியோடு பல்கலைக்கழக வாசலில் போய் நின்றாள். தயாபரன் ஹெலனோடு சிரித்துப் பேசியபடி வந்தான். இவளைப் பார்த்ததும், “யாரைப் பார்க்கணுங்க?” என்றான்.

ஹெலன் தலைகுனிந்தாள். “லேப்ல நாங்க சரிபார்க்க மட்டும்தான் செஞ்சோம்க்கா. யோசனையெல்லாம் வீட்ல உங்ககிட்டப் பேசுறப்பதான் பிறந்திருக்கு.”

“வாங்க மேடம், டீ ஆறிடும்,” என்று தயாபரன் ஹெலனைக் கூப்பிட்டான்.