ஐந்தருவிக்குப் போகாத வழி

மார்கழி வெயிலில் குற்றாலப் பேரருவியின் சாரல் மினுங்குகிறது. ஊரெங்கும் நடக்கிற புதையல் வேட்டையின் கடைசித் துப்பைப் புதுப்பெண் இசக்கிசெல்வி கணவனுக்கு வாசிக்கிறாள்: "தலையோ ஐந்து, பாம்பில்லை, தடாலென விழுந்தும் நோவில்லை." பக்கத்துக் கடையில் நேந்திரம் சிப்ஸ் பொரிகிறது. ஐயப்ப சாமிகளின் கறுப்பு வேட்டிகள் கம்பியில் சொட்டுகின்றன. மணிகண்டபிரபு தலையைச் சொறிகிறான். சாயங்காலம் அவனுக்குச் சென்னை ரயில். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். ஆட்டம் முடிந்தால் அங்கேதான் போகவேண்டும். "பழைய குற்றாலமா இருக்குமோ?" என்கிறான். பக்கத்துக் குத்துக்கல்வலசையில் பிறந்தவனுக்கு ஐந்தருவி தெரியாதா? "அப்படித்தான் இருக்கும்" என்று சிரிப்பை அடக்கியபடி ஸ்கூட்டரில் அவன் பின்னால் ஏறுகிறாள். வண்டி நகர்ந்ததும் அருவிப் பக்கமிருந்து தோழி நிவேதா கத்துகிறாள்: "ஏட்டி செல்வி, ஐந்தருவிக்கு இந்தப் பக்கம்லா போணும்!" அவன் வேகத்தைக் குறைக்கிறான். "யாரோ கூப்பிடுத மாதிரி இருக்கே?" அவள் அவன் தோளைப் பற்றிக்கொள்கிறாள். "காத்துதான். நீங்க ஓட்டுங்க."