ரோஸ் பெட்டி

“கார்ட்டூன்ல வந்த அதே வீராங்கனை. கூடவே சீப்பும் இருக்கு!” பழைய பொம்மைக் கடைக்காரர் ரோஸ் பெட்டியை நீட்டினார்.

“கார்ட்டூன்ல வாள் வச்சிருப்பாளே?” என்றார் வந்த பெரியவர்.

“வாள் பசங்களோட நீலப் பெட்டியிலதான் வரும். பொண்ணுங்களுக்குச் சீப்பு மட்டுந்தான் வச்சான் கம்பெனிக்காரன். பேத்திக்கா?”

“மகளுக்கு. ஆறு வயசுல வாள்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னா. பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடின்னு அதட்டி, இந்த ரோஸ் பெட்டியைத்தான் வாங்கிக் கொடுத்தேன். நீலப் பெட்டி கொடுங்க.”

“இப்ப அவங்களுக்கு என்ன வயசு?”

“நாப்பது.”

கடைக்காரர் சிரித்துவிட்டார். “நாப்பது வயசுல வாளா? சீப்பாவது தலைவார உதவும் சார்!”

பெரியவர் ரோஸ் பெட்டியை மெல்லத் தள்ளி வைத்தார்.

“வார முடியே இல்லீங்க. ஆஸ்பத்திரியில கொடுக்கற மருந்துல எல்லாம் கொட்டிப்போச்சு. ‘இப்பவாவது வாள் வாங்கித் தருவியாப்பா?’ன்னு காலையில கேட்டா.”