பதினாலு நொடிக்கு ஒரு ஆட்டம்

கோல்பியின் வலது முழங்கால் இரும்பு பெஞ்சில் மோதிய சத்தம் உடைமாற்றும் அறையின் கடைசி மூலை வரை கேட்டது. அவன் எழுவதற்குள் டெலானோ சட்டையைப் பிடித்துத் தூக்கி, வாயிலேயே ஒரு குத்து விட்டான். உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது.

எதிரணிக்காரனை அடிக்கிறான் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு பேரும் கால்டர் கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணிதான், நாலு வருடமாக ஒரே விடுதி அறை. கோல்பி பந்தை எறிந்து தாக்குகிற பதினோரு பேருக்குத் தலைவன். டெலானோ தடுக்கிற பதினோரு பேருக்கு. ஒரு கூட்டம் உள்ளே ஆடும்போது மற்றது வெளியே உட்காரும்.

"பந்து உங்க கையில ஒரு நிமிஷமாவது தங்குதாடா? மூணு தடவை எறியிற, மூணும் தரையில, பந்து அவனுங்க கைக்குப் போயிடுது. நாங்க தண்ணி பாட்டிலைத் திறக்கிறதுக்குள்ள திரும்ப உள்ள போய் அடி வாங்கணும். ஹாஸ்கெலைப் பாரு."

ஹாஸ்கெல் நூற்று நாற்பது கிலோ. மூலையில் வாளியைக் கட்டிக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். சற்றுமுன் மூச்சு முட்டி அவன் மைதானத்தில் விழுந்தபோது, ஆட்டத்தை நிறுத்த நடிக்கிறான் என்று எதிரணிக் கூட்டம் ஊளையிட்டது. அப்படி நடிக்கிற தடுப்பாட்டக்காரர்கள் உண்டுதான். பாவம், இவன் நடிக்கவில்லை.

கோல்பி ரத்தத்தைத் துப்பினான். "நான் என்னடா பண்றது? பதினாலு நொடிக்கு ஒரு ஆட்டம், பந்து நின்னதும் அடுத்ததைத் தொடங்குன்னு கோச் நிக்கிறாரு. மெதுவாப் போனா உட்கார வச்சிடுவேன்கிறாரு. இன்னிக்கு என்னைப் பார்க்கப் பெரிய அணிகள்லேர்ந்து மூணு பேர் வந்திருக்காங்க, தெரியும்ல?"

"உன்னைப் பார்க்க வந்திருக்காங்க. எங்களை அள்ளிட்டுப் போக யாருடா வர்றா? ஒரு பத்து நிமிஷம் எங்களை உட்கார விடு. அவனுங்களை நான் பார்த்துக்கிறேன்."

கோச் ஸ்டாக்வெல் உள்ளே வந்து இருவரையும் பிரித்துத் தள்ளினார். கோல்பியின் உதட்டை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. "இன்னும் வேகமாப் போகணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இடைவேளை முடிந்து, மிசிசிப்பியின் செப்டம்பர் வெயிலில் மூன்றாம் பகுதி முழுக்கக் கொலைதான். ஆற்றுக்கு அக்கரைக் கல்லூரிக்காரர்கள் கால்டரின் தடுப்பு வரிசையை மிதித்துக்கொண்டே ஓடினார்கள். டெலானோவின் மோதிர விரல் மூட்டு விலகிப் பின்பக்கம் திரும்பிக்கொண்டது. பல்லைக் கடித்து அவனே இழுத்து நேராக்கினான். கட்டுப் போட நேரமில்லை.

கால்டரின் பத்துப் புள்ளி முன்னிலை மூன்றாகக் குறைந்தது. நாலு வருடத்தில் அக்கரைக்காரர்களை ஒரு முறைகூட ஜெயித்ததில்லை, டெலானோவுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. இந்தக் கால்களோடு இன்னொரு முறை உடனே உள்ளே போனால் அதுவும் போச்சு என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

கடைசிப் பகுதியான நான்காம் பகுதி தொடங்கியது. தடுப்பாட்டக்காரர்கள் வெளியே வந்து தலைக்கவசத்தைக் கழற்றுவதற்குள், பந்தோடு நின்ற கோல்பி மேல் இரண்டு பேர் பாய்ந்து தரையில் அறைந்தார்கள். அவர்கள் எழுந்தார்கள், கோல்பி எழவில்லை. இடது முழங்காலைக் கட்டிக்கொண்டு புரண்டு புரண்டு அலறினான்.

ஆட்டம் நின்றது. அவனை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனபோது எதிரணிக் கூட்டமும் எழுந்து நின்று கை தட்டியது. பெரிய அணிகளிலிருந்து வந்த மூன்று பேரும் நோட்டை மூடிக்கொண்டு கிளம்பினார்கள்.

டெலானோவுக்கு பெஞ்சில் முழங்கால் மோதிய சத்தம் காதை விட்டுப் போகவே இல்லை. "நான்தான்டா அவன் வாழ்க்கையைக் கெடுத்தேன். அங்கேயே அவன் கால் போயிருக்கு" என்றான். பக்கத்தில் ஹாஸ்கெல் இரண்டாவது பாட்டில் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தான்.

கோல்பிக்குப் பதிலாக இறங்கியவனுக்கு எறிய வராது. பந்தைப் பக்கத்தில் இருப்பவன் கையில் கொடுத்து ஓட விடத்தான் வரும். கோச் தலையில் அடித்துக்கொண்டு, "மெதுவாவே போங்கடா, கடிகாரமாவது ஓடட்டும்" என்றார். நாலு கெஜம், ஐந்து கெஜம் என்று ஊர்ந்து புள்ளி ஒன்றும் எடுக்காமல் திரும்பி வந்தார்கள்.

அக்கரைக்காரர்கள் கையில் பந்து வந்தபோது மூன்று நிமிடம்தான் மீதி. டெலானோ வெறி பிடித்தவன்போல் பாய்ந்தான். கோல்பிக்காக அடித்தான், தன்மேல் இருந்த ஆத்திரத்துக்கும் சேர்த்து அடித்தான். ஹாஸ்கெல் ஒருவனைத் தூக்கி இன்னொருவன் மேல் போட்டான்.

கடைசி ஓட்டத்தில், எல்லைக் கோட்டுக்கு ஒரு முழம் இருக்கும்போது, பந்துக்காரனை டெலானோ நெஞ்சோடு மோதி மல்லாத்தினான். அவன் மூக்கிலிருந்து ரத்தம் வழிந்தது. விசில் ஊதியாயிற்று, ஜெயித்தாயிற்று.

தோளில் தூக்க வந்தவர்களைத் தள்ளிவிட்டு டெலானோ மருத்துவ அறைக்கு ஓடினான். வாசலில் டாக்டர் ஸ்கேனுக்கு நேரம் கேட்டு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே கோல்பி இடது முழங்காலில் ஐஸ் பையோடு படுத்திருந்தான்.

டெலானோவுக்கு அழுகை வந்துவிட்டது. "மன்னிச்சிடுடா. அந்த பெஞ்ச்ல உன் காலை மோத விட்டது நான்தானே."

"அது வலது கால்டா, மடையா."

கோல்பி ஐஸ் பையை எடுத்து டெலானோவின் வீங்கிய விரலில் வைத்தான். கட்டிலிலிருந்து குதித்து இறங்கி, விறுவிறுவென்று நடந்துபோய்க் கதவைச் சாத்தினான். கிழிந்த உதட்டைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டான்:

"பத்து நிமிஷம் உட்கார்ந்தீங்களாடா?"