வீட்டு ஊசி

அந்த ஊசி தொலைந்துபோயிருக்கக் கூடாதா என்று மனோரமா நினைத்தாள். மலைப் படி ஏறும்போதே நாத்தனார் சின்னம்மாளின் மடியிலிருந்து நழுவி விழுந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். விழவில்லை. திருத்தணி மலைமேல் மண்டபத்தில், பங்காரு ஆசாரி அதை மஞ்சள் குழைத்த எண்ணெயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

ஆர்.கே.பேட்டையில் தறி நெய்யும் அந்தக் குடும்பத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் காது குத்த இந்த ஒரு தங்க ஊசிதான். அதை நெருப்பில் காட்டக் கூடாது, வெந்நீரில் போடக் கூடாது. ஒரு பிள்ளையின் ரத்தம் அடுத்த பிள்ளையின் காதில் பட்டால்தான் பங்காளிகள் பிரியாமல் இருப்பார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை.

இன்று மூன்று பிள்ளைகள். மூத்த மருமகள் மனோரமாவின் மகன் ராஜவேலு, நடு மருமகளின் மகள் சந்திரா, கடைசி மருமகள் அம்முவின் எட்டு மாதக் கைக்குழந்தை.

வேண்டுதல் ராஜவேலுவுக்காக. இரண்டு வருடத்துக்கு முன் கனகம்மாசத்திரத்தில் பஸ் மோதி, சென்னையில் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றிப் பிழைத்த பிள்ளை. பிழைத்தால் மலையில் காது குத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டதே மனோரமாதான்.

ஆனால் இன்று எல்லோர் கண்ணும் அம்மு மேல் இருந்தது. அவள் புருஷன் கஜபதி லாரி ஓட்டுகிறவன். பாதி உடம்பாகச் சென்னை ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். டி.பி. என்று அம்மு சொன்னாள். பேப்பரில் வருகிற புது நோவு என்று தெரு சொன்னது. அவள் குடித்த டம்ளரை யாரும் தொடுவதில்லை. வரும்போது பஸ்ஸில் மனோரமா மட்டும்தான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் அந்தக் குழந்தையைக் கையில் வாங்கவில்லை.

போன வாரம் ராஜவேலுவின் விடாத காய்ச்சலுக்காகச் சென்னை போன மனோரமா, கஜபதியையும் பார்த்துவிட்டு வந்திருந்தாள். ஒருவர் ரத்தம் பட்ட ஊசி இன்னொருவர் உடம்பில் படவே கூடாது என்று டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் சொன்ன மற்றதை அவள் இன்னும் தன் புருஷன் கோதண்டத்திடம்கூடச் சொல்லவில்லை. காலையில் கடைவீதியில், ஆளுக்கொன்றால் காது குத்தலாம் என்று மூன்று புதுக் கம்பிகள் வாங்கி வந்தாள். சின்னம்மாள் அவற்றைத் தொட்டுப் பார்க்காமலே தள்ளிவிட்டாள்.

ஆசாரி மூத்த வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டார். ராஜவேலு பயப்படுகிறான், கடைசியில் குத்தலாம் என்றாள் மனோரமா.

"இன்னா மனோரமா, மொற தெரியாம பேசுற? மூத்த வீடு இருக்கச் சொல்லோ மத்தவங்களா?" என்றாள் சின்னம்மாள்.

மனோரமா அசையவில்லை. நேரம் போகிறதென்று ஆசாரி முனக, சந்திராவை உட்காரவைத்தார்கள். அவள் வீரிட்டாள். காதில் துளிர்த்த ரத்தத்தை ஆசாரி பஞ்சால் ஒற்றினார். ஊசியை வேட்டி நுனியில் ஒரு தடவை இழுத்தார். அவ்வளவுதான். மனோரமா அந்த வேட்டி நுனியையே பார்த்தாள்.

அம்மு குழந்தையோடு எழுந்தாள். சின்னம்மாள் கையை நீட்டி அவளை மறித்தாள்.

"நீ இரு. உம்புள்ளைக்குக் குத்தின ஊசிய எங்க மூத்த வீட்டுப் புள்ள மேல வெக்கிறதா?"

"அக்கா அதுக்குத்தான் கடைசி கடைசின்னு தள்ளிகினே கீறாங்க. அப்பிடியே நழுவிடலாம்னு பாக்குறாங்க" என்று நடு வீட்டுக்காரி சிரித்தாள்.

அம்மு சிரிக்கவில்லை. தெருவில் யார் யாரோ பேசியதையெல்லாம் தாங்கிக்கொண்டவள், இதைத் தாங்க முடியாமல் மனோரமாவையே பார்த்தாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தது இதற்குத்தானா என்று அந்தப் பார்வை கேட்டது.

"நீயுமா அக்கா?" என்றாள். "சரி, உம்புள்ளைக்கே மொதல்ல குத்தட்டும். எம்புள்ளைக்கு அப்பறமா குத்திக்கறேன். இப்ப உனுக்கு பயமில்லல்ல?"

அவள் பின்னால் நகர்ந்து தூணோரம் உட்கார்ந்துகொண்டாள். குழந்தையின் காதிலிருந்து முடியை ஒதுக்கி, தயாராக மடியில் சாய்த்து வைத்தாள்.

எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. கோதண்டம் மகனைத் தூக்கிக்கொண்டு ஆசாரியிடம் போனான். மூத்த வீடு முந்திவிட்ட திருப்தியில் சின்னம்மாள் தட்டை நகர்த்தி வைத்தாள். ஆசாரி ஊசியை எடுத்தார்.

மனோரமா எழுந்து போய்ப் புருஷனின் கையிலிருந்து பிள்ளையை வாங்கினாள். அவன் உடம்பு இன்றும் சுட்டது. அவனைத் தோளில் போட்டு, இரண்டு காதையும் உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"குடும்மா, நல்ல நேரம் போவுது" என்றார் ஆசாரி.

வாயைத் திறந்தால் இத்தனை நாள் கட்டிக் காத்ததெல்லாம் இன்றோடு போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்தது. திறக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை, தூணோரம் இருந்தவளை மட்டும் பார்த்தாள்.

"கஜபதிக்கு டி.பி.தான், அம்மு. இவனுக்குக் குத்தின ஊசி உம்புள்ளைக்கு வேணாம்."