துடுப்பில் வைத்த காது

மாமல்லபுரத்துக் கரை கோடாகத் தெரியும் தூரத்தில், ஆமை காட்ட வெள்ளைக்காரத் தம்பதியை அழைத்துவந்த படகு அலைமேல் ஆடுகிறது, கண்ணுகளா. ஆமைக்குப் பின்னால் குதித்து நீந்திய கணவரின் தலையைக் காணோம். அவர் சட்டையை மார்போடு அணைத்தபடி மனைவி எழுந்து எழுந்து பார்க்கிறாள், படகு சாய்கிறது. "உக்காரச் சொல்லு மச்சான்!" என்று துடுப்பு வலிக்கும் தாண்டவராயன் பதறுகிறான். "எனக்கு இன்னா இங்கிலீசா வருது? கம்முனு இரு" என்ற இன்னொரு படகுக்காரன் சடையன், வலை வீசும் முன் மீன்கூட்டத்தின் இரைச்சலைக் கேட்பதுபோலத் தன் துடுப்பைக் கடலுக்குள் இறக்கி, மேல்முனையில் காதை வைக்கிறான். வெயில் நீரில் உடைந்து கண்ணைக் குத்துகிறது. "காலு அடிக்கிற சத்தம் கீது மச்சான்... தெக்கால! வலி, வலி!" அலைச்சரிவில் ஒரு சிவந்த கை எழுந்து தாழ்கிறது. சடையன் பாய்கிறான். மறுபடி எழும்போது அந்தக் கை அவன் பிடியில் இருக்கிறது.